ஹார்லோவில் சிலைகள் நிற்கின்றன. மார்க் ஹால் மாளிகை என்ன ஆயிற்று?

கேள்வி:
இங்கிலாந்தின் எசெக்ஸ் மாவட்டத்திலுள்ள ஹார்லோ, தெருவெங்கும் சிற்பங்களை வைத்திருக்கும் நகரமாக அறியப்படுகிறது. ஆனால் அந்நிலத்தில் முன்பிருந்த மார்க் ஹால் என்ற நாட்டுப்புற மாளிகையைப் பற்றி எவரும் பேசுவதில்லை. அது நகரத்துக்காக இடிக்கப்பட்டதா?

பதில் 1:
இல்லை. 1947-இல் அதைத் தீ அழித்தது. எஞ்சியது பின்னர் அகற்றப்பட்டது. அதே ஆண்டில்தான் ஹார்லோ, அரசு திட்டமிட்டு எழுப்பும் 'புதிய நகரமாக' அறிவிக்கப்பட்டது என்பதால் இரண்டையும் முடிச்சுப் போடுவது எளிது. மாளிகையின் குதிரை லாயம் தப்பியது. இன்று அதில்தான் நகர அருங்காட்சியகம் இயங்குகிறது.

பதில் 2:
சிற்பங்களின் கதை வேறு. நகரத்தைத் திட்டமிட்ட பிரெடரிக் கிபர்ட், கலை என்பது அருங்காட்சியகச் சுவர்களுக்குள் அடைபடாமல் குடியிருப்புகளுக்கும் கடைவீதிகளுக்கும் நடுவே இருக்கவேண்டும் என்று விரும்பியதால், 1953-இல் அதற்கென ஓர் அறக்கட்டளையே உருவானது. அருகிலுள்ள பெரி கிரீனில் வாழ்ந்த சிற்பி ஹென்றி மூர் கல்லில் செதுக்கிய 'குடும்பம்' 1956-இல் திறந்துவைக்கப்பட்டது. பிரெஞ்சுச் சிற்பி ரோடினின் 'ஏவாள்' கூட இங்கு உண்டு. மூரின் சிற்பம் திறந்தவெளியில் சேதமடைந்ததால் பின்னர் கூரையின்கீழ் கொண்டுசெல்லப்பட்டது. அது தவிர்க்க முடியாதது என்றாலும், கிபர்டின் எண்ணத்துக்கு அது ஒரு தோல்வியே என்பது என் கருத்து.

பதில் 3:
பாதுகாக்கப்பட்ட கட்டடங்களை இடிக்க முன் அனுமதி கட்டாயம் என்னும் நிலை இங்கிலாந்தில் 1968-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகே வந்தது. அதற்குள் மரண வரியாலும் (இறந்தவரின் சொத்துமீதான வரி) பராமரிப்புச் செலவாலும் நூற்றுக்கணக்கான மாளிகைகள் மறைந்துவிட்டன; தீயில் போனவை அவற்றுள் ஒரு பகுதி மட்டுமே.