புதுப்பிப்பு: மர்னாங் கிழங்கு ஏன் கசந்தது?

ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் நான் பார்த்துக்கொள்ளும் தாவரவியல் தோட்டத்தில், பூர்வகுடியினரோடு சேர்ந்து, அவர்களின் உணவுக்கிழங்குச் செடியான மர்னாங்கை வளர்க்கிறோம். வேர் மெலிந்து, கிளைவிட்டு, கசந்தது. மண்தான் காரணமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

மண் இல்லை. "முதலில் இனத்தைச் சரிபாருங்கள்" என்று ஒருவர் சொன்னதுதான் சரி. நெடுங்காலமாக மர்னாங்கை மைக்ரோசெரிஸ் லான்சியோலாட்டா என்ற அறிவியல் பெயரில் எழுதிவந்தார்கள். 2016-இல் தாவரவியலாளர் நெவில் வால்ஷ், உணவுக்கிழங்கு தருவது மைக்ரோசெரிஸ் வால்டெரி என்று தெளிவுபடுத்தினார். வால்டெரிக்கு முள்ளங்கி போல ஒற்றைக் கிழங்கு. லான்சியோலாட்டாவுக்குக் கிளைத்த, கசக்கும் வேர். எங்களுக்கு வந்த விதைப் பொட்டலத்தில் பழைய பெயர்தான் இருந்தது, உள்ளே இருந்ததும் அந்தச் செடியேதான். வேரைப் பார்த்ததுமே "இது அதில்லை" என்று பூர்வகுடிப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். பெயர்ப்பலகையைவிட அவர்கள் கண்ணை நான் நம்புவேன்.

அப்புறம் அவர்கள் சொன்ன இடத்தில், அவர்கள் அனுமதியோடு, விதை எடுத்து அது பழசாகும் முன்பே விதைத்தோம். இப்போது வந்திருப்பது ஒற்றைக் கிழங்கு, கசப்பும் இல்லை.

எதிர்பாராதது ஒன்று: கோடையில் இலையெல்லாம் காய்ந்துபோனது. செத்துவிட்டது என்று தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள். செடி கிழங்கோடு உறங்குகிறது, இலையுதிர்கால மழைக்கு மறுபடி துளிர்க்கும்.

களை எடுப்பவர்களுக்கு: மர்னாங் பூ, டேன்டேலியன் என்ற களைச்செடியின் பூவைப் போலவே மஞ்சளாக இருக்கும். விரியாத மொட்டு தலைகவிழ்ந்திருந்தால் அது மர்னாங், பிடுங்க வேண்டாம்.