அலெச் பனியாற்றை எந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பது?

அரசலாற்றங்கரை, கும்பகோணம்:

அனைவருக்கும் வணக்கம். சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் பணிபுரியும் மகன், வரும் ஆகஸ்டில் எங்கள் இருவரையும் மூன்று வாரத்துக்கு அழைத்திருக்கிறான். ஆல்ப்ஸ் மலைத்தொடரிலேயே மிகப் பெரியதான அலெச் பனியாற்றைப் பார்ப்பது என் நெடுநாள் ஆசை. ஆறு என்றால், மேட்டூர் திறந்து சில நாள் கழித்து நுரையும் சருகுமாகக் கல்லணை தாண்டி வரும் தண்ணீர் என்றே அறுபத்தாறு ஆண்டுகளாக அறிந்தவன் நான். பனிக்கட்டியே ஆறாக நகர்கிறது என்பதை ஒருமுறையேனும் கண்ணால் காண வேண்டும். மகன், பனியாற்றின் மேல்முனையில் உள்ள யுங்ஃபிராவ்யோக் கணவாய்க்கு ஏறும் மலை ரயிலுக்குச் சீட்டு எடுக்கிறேன் என்கிறான். கட்டணத்தைக் கேட்ட என் மனைவி, "அந்தப் பணத்தில் ஒரு போகத்துக்கு உரம் வாங்கிவிடலாமே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவளுக்கு முழங்கால் வலி. எனக்கு இரத்த அழுத்தம். வேறு பக்கமிருந்தும் பார்க்கலாம் என்று கேள்விப்பட்டேன். போய்வந்தவர்கள் வழி சொன்னால் உதவியாக இருக்கும்.

வெண்ணாறு, மன்னார்குடி:

ஐயா, தெற்கே வாலே மாநிலத்தின் பக்கமிருந்து பாருங்கள் என்பதே என் கருத்து. யுங்ஃபிராவ்யோக்கில் நீங்கள் நிற்பது பனியாறு பிறக்கும் இடம். அங்கே கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் வெண்பனிப் பரப்புதான். ஏறக்குறைய 20 கிலோமீட்டர் நீளத்துக்கு அது வளைந்து இறங்குவதை, ஆறு என்று சொல்லும்படியாகக் காட்டுவது எகிஸ்ஹார்ன், பெட்மர்ஹார்ன் ஆகிய சிகரங்களே. சூரிச்சிலிருந்து பிரிக் வரை ரயில். அங்கே மீட்டர்கேஜ் போன்ற சிறிய ரயிலுக்கு மாறி, எகிஸ்ஹார்னுக்கு ஃபீஷ் நிலையத்திலும், பெட்மர்ஹார்னுக்குப் பெட்டன் நிலையத்திலும் இறங்கி, ரோப் காரில் இரண்டு கட்டமாக மேலே போக வேண்டும். எகிஸ்ஹார்னில் ரோப் கார் விடும் இடம் சுமார் 2,870 மீட்டர் உயரம். அங்கிருந்து சில நிமிட நடையிலேயே முழுப் பனியாறும் காலடியில் கிடக்கும். முழங்காலுக்குப் பெரிய சோதனை இல்லை.

தங்குவதற்குப் பெட்மர்ஆல்ப் ஏற்ற ஊர். பெட்ரோல், டீசல் வண்டிகள் நுழையாத ஊர் என்பதால் மாட்டு மணியின் ஓசை தவிர வேறு சத்தமில்லை. தெருக்குழாயில் வரும் தண்ணீரையே குடிக்கலாம். நாங்கள் பாட்டில் வாங்கவே இல்லை. சைவ உணவுக்கு ரொட்டியும் சீஸும் உருளைக்கிழங்கும்தான் என்பதால், புளிக்காய்ச்சல் கொண்டுபோவது புத்திசாலித்தனம்.

குடமுருட்டி, பாபநாசம்:

முந்தைய பதிவோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனாலும் யுங்ஃபிராவ்யோக்கை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட மனம் வரவில்லை. 1896இல் தொடங்கி 1912இல் முடித்த அந்த ரயில் பாதை, ஐகர், மோன்க் ஆகிய மலைகளின் வயிற்றைக் குடைந்துகொண்டு 3,454 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறது. இடையே ஐஸ்மேர் நிலையத்தில் ரயில் நிற்கும்போது, பாறையில் வெட்டிய சாளரத்தின் வழியே வெடித்துப் பிளந்த பனியைப் பார்க்கலாம். அந்தக் காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

ஆனால் அண்ணா, இரத்த அழுத்தம் உள்ளவர் மருத்துவரைக் கேட்காமல் அங்கே ஏற வேண்டாம். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். கோபுரத்தையும் கொள்ளிடக் கரையையும் தவிர வேறு மேடு பார்க்காத நம் ஊர்க்காரர்களுக்கு நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு சுற்றுலா நிறுவனம் தேதியை முன்கூட்டியே கட்டிப்போட்டுவிட்டதால், நாங்கள் போன அன்று உச்சியில் முழு மூடுபனி. கொடுத்த பணத்துக்கு வெளுத்த வேட்டியைக் கண்ணுக்கு நேரே பிடித்ததுபோல ஒரு வெண்மையைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். எந்தச் சிகரமானாலும், காலையில் எழுந்து அங்குள்ள கேமராவின் நேரடிப் படத்தை இணையத்தில் பார்த்த பிறகே சீட்டு எடுக்கச் சொல்லுங்கள்.

ஓடம்போக்கி, திருவாரூர்:

புவியியல் ஆசிரியராக இருந்தவன் என்பதால் சற்று நீட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எகிஸ்ஹார்னில் நின்று பார்க்கும்போது பனியாற்றின் நடுவே நீளவாக்கில் ஓடும் கரிய கோடுகளைக் கவனியுங்கள். கொன்கோர்டியா என்னும் இடத்தில் பல பனியோடைகள் ஒன்றுசேர்கின்றன. ஒவ்வொன்றும் தன் ஓரத்தில் அரித்துக் கொண்டுவந்த கல்லும் மண்ணும், சேர்ந்த பிறகும் கலக்காமல் அப்படியே கோடாக நீள்கின்றன. நம் ஆற்றில் இரண்டு வாய்க்கால் கூடினால் பத்து அடியில் நிறம் கலந்துவிடும். இங்கே பல கிலோமீட்டர் வந்தும் கலப்பதில்லை. கொன்கோர்டியாவில் பனியின் ஆழம் ஏறத்தாழ 800 மீட்டர். அது நகர்வது நாளுக்கு அரை மீட்டர் அளவில். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் வளைவுகளில் விழுந்திருக்கும் பிளவுகளைப் பார்த்தால் நகர்வது புரியும். அந்தப் பிளவுகளில் சிலவற்றைப் புதுப்பனி மூடி மறைத்திருக்கலாம் என்பதால் வழிகாட்டி இல்லாமல் யாரும் பனிமேல் கால் வைக்கக் கூடாது.

கொன்கோர்டியாவில் 1877இல் கட்டிய மலைக்குடில் ஒன்று உண்டு. அன்று பனியிலிருந்து சுமார் 50 மீட்டர் உயரத்தில் இருந்த அதற்கு, இன்று பாறையில் அடித்த இரும்புப் படிகள் 400க்கு மேல் ஏறியாக வேண்டும். குடில் உயரவில்லை, பனி அவ்வளவு தாழ்ந்துவிட்டது. பனியாறு வளர்ந்து ஊரை அழிக்கக் கூடாது என்று 1678இல் நேர்ந்துகொண்டு வழிபட்டுவந்த ஃபீஷ் மக்கள், 2010இல் போப்பாண்டவரின் அனுமதி பெற்று, பனி தேய்ந்துவிடக் கூடாது என்று வேண்டுதலையே மாற்றிக்கொண்டார்கள். தண்ணீருக்காக வேண்டிக்கொள்ளும் நமக்கு இது புரியாத செய்தி அல்ல.

பனி விலகியதால் பிடிமானம் இழந்த சரிவு, பனியாற்றின் கரையில் உள்ள மூஸ்ஃப்ளூ என்னும் முகட்டின் பக்கம் 2016இல் வேகமாகச் சரியத் தொடங்கிச் சில நடைபாதைகள் மூடப்பட்டன. பழைய பதிவுகளை நம்பி நடக்காமல் அங்குள்ள அறிவிப்பைப் பாருங்கள்.

அரசலாற்றங்கரை, கும்பகோணம்:

மூவருக்கும் நன்றி. பெட்மர்ஆல்ப்பில் இரண்டு இரவு என்று மகனிடம் சொல்லிவிட்டேன். யுங்ஃபிராவ்யோக் மருத்துவரின் பொறுப்பு. ஒரே ஒரு சந்தேகம்: பனியாறு உருகி வரும் தண்ணீரைத் தொட்டுப் பார்க்க முடியுமா?

ஓடம்போக்கி, திருவாரூர்:

பனியாற்றின் நுனியிலிருந்து புறப்படும் மாஸா ஆறு ஆழமான பள்ளத்தில் ஓடுவதால் உங்கள் மனைவியால் அங்கே இறங்க முடியாது. அது பிரிக் அருகே ரோன் நதியில் கலக்கிறது. நீங்கள் ரயில் மாறும் ஊர்தான், ரோன் கரை பக்கத்திலேயே. பாறையைப் பனி அரைத்த மாவு கலந்திருப்பதால் நீர் அரிசி களைந்த கழுநீர்போல வெளுத்திருக்கும். நம் புதுவெள்ளம் மழைக்குப் பின் பெருகும். அங்கே உருகும் ஓடைகள் வெயில் ஏற ஏறப் பெருகும். ஆகையால் பெருக்கைப் பார்க்கக் கரைக்குப் பிற்பகலில் போங்கள், ஆனால் தொடுவதற்காக விளிம்பில் நிற்காதீர்கள்.