புக்ஹோல்ஸ் செய்த வேலை

பெரியப்பா: நம் பாப்பாவின் செஸ் தேர்வுப் போட்டி முடிவு என்ன ஆச்சு? காலையிலிருந்து போனைத் திறந்து திறந்து பார்க்கிறேன், குடும்ப குரூப்பில் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

அக்கா: இரண்டாவது, பெரியப்பா. 9 சுற்றில் ஏழரைப் புள்ளி. முதலாவது வந்தவளுக்கும் ஏழரைதான்.

பெரியப்பா: இரண்டும் ஏழரை என்றால் சமம்தானே அம்மாடி. இரண்டு பேரையும் அனுப்பவேண்டியதுதானே?

நான்: உலகக் கேடட் போட்டிக்கு ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பிரிவில் ஒருவருக்குத்தான் அழைப்பு, பெரியப்பா. 8, 10, 12 என்று மூன்று வயதுப் பிரிவு, பெண்களுக்குத் தனி. அழைப்புள்ளவருக்குத் தங்குமிடமும் சாப்பாடும் நடத்துபவர்கள் பொறுப்பு. போன வருஷம் முதல் மூன்று இடத்துக்குள் வந்தவர்களுக்குத் தனியாக உரிமை உண்டு. மற்றவர்களும் போகலாம், எல்லாம் சொந்தச் செலவு.

சித்தி: சரி, சமமாக இருக்கும்போது அவள் எப்படி முதலாவது? சீட்டு குலுக்கினார்களா?

நான்: அவர்கள் இருவரும் ஆடிய ஆட்டம் டிரா. அதனால் அடுத்து புக்ஹோல்ஸ் பார்த்தார்கள், அதாவது நம்மோடு ஆடியவர்கள் எல்லாரும் மொத்தம் எத்தனை புள்ளி எடுத்தார்கள் என்ற கணக்கு. அதில் பாப்பா அரைப் புள்ளி கம்மி. முதல் சுற்றில் இவளிடம் தோற்ற குழந்தை கடைசிச் சுற்றில் ஒரு ராணியைக் கூடுதலாக வைத்துக்கொண்டு ஸ்டேல்மேட் ஆக்கிவிட்டது, அதாவது ஜெயிக்கவேண்டிய ஆட்டம் டிரா. நான் ஸ்கோர்ஷீட்டைப் பார்த்தேன். எதிராளியின் ராஜா மூலையில் நிற்கிறது, நகர இடமில்லை, செக்கும் இல்லை. அது ஜெயித்திருந்தால் புக்ஹோல்ஸிலும் சமமாகி அடுத்த கணக்குக்குப் போயிருக்கும்.

பெரியப்பா: யாரோ ஒரு குழந்தை எங்கேயோ ஒரு மேஜையில் தப்பு பண்ணினால் நம் குழந்தைக்கு இடம் போகுமா? யாரடா அந்த புக்ஹோல்ஸ், நான் பேசுகிறேன் அவரிடம்.

நான்: 1932-லேயே கண்டுபிடித்துவிட்டுப் போய்விட்டார் பெரியப்பா, இனி பேச முடியாது.

அத்தான்: ரேட்டிங்கை, அதாவது ஆடுகிறவரின் பலத்தைக் காட்டும் எண்ணை, வைத்து எடுத்திருந்தால் நம்மவள்தான்.

நான்: அத்தான், ரேட்டிங்கை வைத்து எடுத்தால் வேறு கூத்து நடக்கும். தேர்வு நாள் வரைக்கும் ரேட்டிங் குறையக்கூடாது என்று குழந்தையை ஆடவே விடாமல் வீட்டில் உட்காரவைத்துவிடுவார்கள். அதற்கு ஆடித் தோற்பது எவ்வளவோ மேல்.

சித்தி: அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாமே, என்ன அவசரம்?

அக்கா: ஜனவரி 1 அன்று 12 முடியாமல் இருக்கவேண்டும் சித்தி. இந்த வருஷம்தான் இவளுக்குக் கடைசி. அடுத்த வருஷம் 14 வயதுப் பிரிவு, தன்னைவிடப் பெரியவர்களோடு ஆடவேண்டும்.

பெரியப்பா: அப்படியானால் சொந்தச் செலவில் அனுப்புவோம். வீட்டில் இத்தனை பேர் இருக்கிறோம், ஆளுக்கு ஒரு பங்கு. உலக சாம்பியனாக இருந்த கார்ல்சனைச் சின்ன வயதில் அவர் அப்பா பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு ஒரு வருஷம் குடும்பத்தோடு வேனில் ஐரோப்பா முழுக்கச் சுற்றவைத்தாராமே, நீதானே சொன்னாய் தம்பி.

நான்: 2003-ல். அடுத்த வருஷம் 13 வயதில் கிராண்ட்மாஸ்டர். அமெரிக்கப் பையன் அபிமன்யு மிஸ்ராவையும் அவர் அப்பா புடாபெஸ்டில் மாதக்கணக்காகத் தங்கி ஆடவைத்தார், 2021-ல் 12 வயது 4 மாதத்தில் கிராண்ட்மாஸ்டர். ஆனால் கவனியுங்கள், இரண்டு பேரும் திரும்பத் திரும்பப் பலமானவர்களோடு ஆடினார்கள். கேடட் என்பது 11 சுற்று, ஒரு தடவை, அவ்வளவுதான். அதற்குக் குழந்தைக்கும் அக்காவுக்குமாக இரண்டு டிக்கெட், பெரும்பாலும் அவர்கள் சொல்லும் விடுதியில்தான் அறை. அதே காசில் பெரியவர்கள் ஆடும் ஓப்பன் போட்டிகள் மூன்று ஆடலாம். 18 வயதுக்குள், ரேட்டிங் 2300-க்குக் கீழே இருக்கிறவரை கே-ஃபேக்டர், அதாவது ஒரு ஆட்டத்தில் ரேட்டிங் எவ்வளவு வேகமாக ஏறி இறங்கும் என்ற எண், 40. தன்னைவிட 200 கூடுதல் உள்ளவரோடு டிரா செய்தாலே 10 புள்ளி ஏறும், வளர்ந்தவர்களுக்கு இதில் பாதிதான்.

பெரியப்பா: உலகப் போட்டி என்ற பேர் வேண்டாமா?

நான்: பேர் வேண்டும்தான். அந்தப் பேருக்காகத்தான் போன மாதம் ஒரு கம்பெனிக்காரர் வந்தார், சட்டையில் எங்கள் லோகோ, பதிலுக்கு 10 வருஷத்துக்குப் பரிசுப் பணத்தில் பங்கு என்றார். 11 வயதுக் குழந்தையிடம்! அத்தான் காபி கூடக் கொடுக்காமல் அனுப்பினார்.

அத்தான்: காபி கொடுத்தேன். சர்க்கரை போடவில்லை.

அக்கா: நான் ஒன்று சொல்லவேண்டும், யாரும் திட்டக்கூடாது. முதலாவது வந்த பெண்ணின் அம்மாவும் நானும் மூன்று நாளும் ஹால் வாசலில் ஒன்றாகத்தான் நின்றோம், உள்ளே விடமாட்டார்கள் இல்லையா. அறை, சாப்பாடு எல்லாம் சரி, விமான டிக்கெட் யார் தருவார் என்று என்னிடம் கேட்டார். யாரும் தரமாட்டார்கள், அதுவும் கூடப் போகிறவருக்கு எல்லாமே சொந்தச் செலவு. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும், அநேகமாக முடியாது என்றுதான் சொல்லுவோம் என்றார்.

பெரியப்பா: அவள் போகவில்லை என்றால் அந்த இடம்?

அக்கா: நமக்கு.

பெரியப்பா: பிறகென்ன! வெள்ளி வரை பேசாமல் இருந்தால் போதுமே.

அக்கா: அப்படித்தான் நானும் நினைத்தேன் பெரியப்பா. இரண்டு நாளாக அதையே நினைத்து நினைத்துத் தூக்கம் வரவில்லை. நேற்று ராத்திரி அவர்கள் இன்னும் பதில் சொல்லவில்லையா என்று போனைப் பார்த்தேன், எனக்கே அசிங்கமாக இருந்தது.

சித்தி: அந்தப் பெண்ணுக்கு டிக்கெட் போட்டுக் கொடுக்கலாம் என்கிறாயா?

அக்கா: தம்பி சொல்கிற ஓப்பன் மூன்றில் இரண்டு போதும் பாப்பாவுக்கு. மூன்றாவதின் காசும் கொஞ்சம் மேலேயும் போட்டால் அங்கே ஒரு குழந்தையும் அம்மாவும் போய்வருவார்கள்.

பெரியப்பா: நம் குழந்தையைத் தாண்டிப் போனவளுக்கு நாமே டிக்கெட்டா? நல்ல குடும்பம்.

பெரியப்பா: என் பங்கை அத்தான் கணக்குக்கு அனுப்பிவிட்டேன். எதற்கு என்று கேட்காதீர்கள். அவர்களிடம் என் பேரைச் சொல்லவேண்டாம்.

நான்: யார் பேரும் வேண்டாம். கடன் என்ற நினைப்போடு போர்டில் உட்கார்ந்தால் கை ஓடாது.

அக்கா: பாப்பாவிடமும் இப்போது யாரும் சொல்லவேண்டாம், தேர்வு முடிந்து அழுத கண் இன்னும் காயவில்லை.

அத்தான்: மாமா நான் பாப்பா. அப்பா போன் என்னிடம்தான் இருக்கிறது. எல்லாம் படித்துவிட்டேன். அவள் போகட்டும், ஆனால் கறுப்பில் ஆடும்போது பிரெஞ்சு டிஃபென்ஸ் என்ற தொடக்கத்தை ஆடவேண்டாம் என்று சொல்லுங்கள். என்னோடு ஆடிய ஆட்டத்தில் 31வது மூவில் அவள் தோற்றிருக்கவேண்டியது, நான்தான் குதிரையை எடுக்காமல் விட்டேன்.