மூன்றாவது கியரில் லீன் ஆகிறது, பம்ப் போதவில்லையா?

கிருஷ்ணகிரி_டர்போ:
அண்ணன்மாரே, அவசரம். டர்போ வண்டிக்கு மணிக்கு 255 லிட்டர் தள்ளும் பெட்ரோல் பம்ப், பெரிய இன்ஜெக்டர் எல்லாம் போட்டாச்சு. இரண்டாவது கியர் வரை நன்றாக இழுக்கிறது. மூன்றாவதில் 5,500 ஆர்பிஎம் தாண்டினால் திணறல், ஏஎஃப்ஆர் (காற்று-பெட்ரோல் விகிதம்) 13.5, அதாவது லீன் (பெட்ரோல் குறைவு) காட்டுகிறது. ஞாயிற்றுக்கிழமை ரன். இன்னும் பெரிய பம்ப் வாங்கவா?

பர்கூர்_பட்டறை:
என்ன வண்டி தம்பி? பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றழுத்தம்) எவ்வளவு? பெட்ரோல் பிரஷர் கேஜ் இருக்கிறதா? பம்ப் வயரை மாற்றினீர்களா?

ஓசூர்_எஸ்டீம்:
ஸ்பார்க் பிளக் கேப்தான் (முனைகளின் இடைவெளி). மிஸ்ஃபயர் (பொறி தவறுவது) ஆனாலும் எரியாத ஆக்சிஜனைப் பார்த்து ஒயிட்பேண்ட் (ஏஎஃப்ஆர் அளக்கும் சென்சார்) லீன் என்றே காட்டும். கேப்பை 0.6 மி.மீ. ஆக்கிப் பாருங்கள்.

சீனியர்_402:
அடிப்படை தெரியாமல் பாகம் வாங்குகிறவர்கள் கேட்கும் கேள்வி இது. பம்ப் தரும் அளவு வோல்ட்டையும் பிரஷரையும் பொறுத்தது. பூஸ்ட் இல்லாதபோது பெட்ரோல் பிரஷர் (பேஸ்) 3 பார், அதன் மேல் 1 பார் பூஸ்ட் என்றால் பம்ப் 4 பாரை எதிர்த்துத் தள்ள வேண்டும். இரண்டாவது கியரில் பூஸ்ட் முழுதாக ஏறுவதற்குள் கியர் மாறிவிடும், அதனால் குறை தெரியாது. முதலில் அளந்து பழகுங்கள்.

கிருஷ்ணகிரி_டர்போ:
பழைய பலேனோ 1.6. பூஸ்ட் 0.9 பார். கேஜ் இல்லை. வயர் வண்டியோடு வந்ததுதான்.

தருமபுரி_பெட்ரோல்:
பங்க்கில் வருவது ஈ20 (20% எத்தனால் கலந்த பெட்ரோல்) என்பதை யாருமே சொல்லவில்லையே! எத்தனால் கூடினால் அதே காற்றுக்கு அதிக எரிபொருள் வேண்டும். எவ்வளவு பெட்ரோல் விட வேண்டும் என்று இசியூவில் (இன்ஜின் கணினி) இருக்கும் பழைய மேப் பற்றாது.

ஓசூர்_எஸ்டீம்:
அப்படியென்றால் எல்லா கியரிலும் அல்லவா லீன் ஆக வேண்டும்? எதற்கெடுத்தாலும் ஈ20 என்று சொல்வதை விடுங்கள்.

தருமபுரி_பெட்ரோல்:
டேங்க் மேல் இருக்கும் ஹோஸைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். என் வண்டியில் எத்தனாலில் ரப்பர் ஊறி, கிளாம்ப்பின் இரண்டு பக்கமும் பிதுங்கி நின்றது. விரலில் கறுப்பு ஒட்டியது.

பர்கூர்_பட்டறை:
சண்டை அப்புறம். தம்பி, ரன் எங்கே? நெடுஞ்சாலை என்றால் நான் உதவியாக ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். டிராக் என்றால், பின்சீட் எடுத்த இடத்தில் டேங்க்குக்கும் கேபினுக்கும் நடுவே இரும்புத் தகடு அடித்தீர்களா? வெளியிலிருந்து திருப்பும் பேட்டரி கட்ஆஃப் ஸ்விட்ச் வைத்தீர்களா? பைக் ஹெல்மெட் வேண்டாம், உள்லைனிங் தீ தாங்காது. அமெரிக்காவின் என்எச்ஆர்ஏ (டிராக் ரேஸ் அமைப்பு) விதியில் இது போன்ற பழைய வண்டி கால் மைலை 11.49 நொடியில் முடித்தாலே ரோல் பார் (வண்டி உருண்டால் காக்கும் இரும்பு வளைவு) கட்டாயம், 9.99 என்றால் முழு இரும்புக் கூண்டு. வேகம் ஏறுவதற்கு முன்னால் இதெல்லாம் ஏற வேண்டும்.

கிருஷ்ணகிரி_டர்போ:
டிராக்தான் அண்ணா. பம்ப் கனெக்டரில் லோடில் 10.9 வோல்ட்தான் இருந்தது. பேட்டரியிலிருந்து ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) வைத்துத் தனி வயர் இழுத்தேன், இப்போது 13.4. ஏஎஃப்ஆர் 11.8-இல் நிற்கிறது, லீன் போய்விட்டது. தகடு அடித்த பிறகுதான் ஓடுவேன். நன்றி.

பர்கூர்_பட்டறை:
ரிலேயை இயக்க பழைய பம்ப் வயரையே கொடுத்தீர்களா? இன்ஜின் நின்றால் பம்பும் நிற்க வேண்டும். பியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கிறதா?