புதுப்பிப்பு: மரப்படியும் கண்ணாடித் தடுப்பும், கறை போய்விட்டது

சத்துவாச்சாரி வீட்டுத் தேக்குப் படிக்கட்டில், கண்ணாடித் தடுப்பு முழுக்க வெள்ளை வெள்ளையாகக் கறை, ஒரு படி மிதித்தால் முனகுகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போதைய நிலவரம் இது.

கறை வெறும் அழுக்கு இல்லை, போர்வெல் தண்ணீரின் உப்பு. ஈரம் காய்ந்ததும் சுண்ணாம்பு கண்ணாடியிலேயே தங்கிவிடுகிறது. வேலூர் வெயிலுக்குக் காய எவ்வளவு நேரம் ஆகும்! வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, துணியில் நனைத்துக் கறைமேல் ஒற்றி வைத்தேன், இளகி வந்தது. நேராகத் தெளிக்காதீர்கள், வழிந்து மரத்தின் பாலிஷைக் கெடுக்கும், கீழே மார்பிள் இருந்தால் அதையும் அரிக்கும். கடைசித் துடைப்புக்கு ஆர்.ஓ. தண்ணீர், உடனே உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி. கம்பி நார் பக்கமே போகவில்லை.

மரத்துக்குத் தேங்காய் எண்ணெய் பூசலாம் என்று சிலர் சொன்ன யோசனையை விட்டுவிட்டேன். பி.யு. (பாலியூரிதேன்) பாலிஷ், அதாவது மேலே பிளாஸ்டிக் போலப் படலமாகப் படியும் பூச்சு, போட்ட மரம் எண்ணெயைக் குடிக்காது. மேலேயே பிசுபிசுவென்று நின்று தூசியைப் பிடிக்கும், காலும் வழுக்கும். நன்றாகப் பிழிந்த துணியால் ரேகை ஓடும் திசையில் துடைத்தாலே போதும்.

அப்புறம் அந்த முனகல். கோடையில் மரம் சுருங்கி இணைப்பு தளர்ந்திருக்கிறது. இடுக்கில் முகப் பவுடரைத் தூவி பிரஷால் உள்ளே தள்ளினேன், பெருமளவு அடங்கிவிட்டது. மிச்சத்துக்கு அடியில் ஸ்க்ரூ போட ஆசாரி வருகிறார். கண்ணாடியைப் பிடித்திருக்கும் ஸ்டீல் குமிழ்களை மட்டும் நான் தொடவில்லை. டஃபன்ட் (சூடாக்கிக் கடினமாக்கிய) கண்ணாடியில் ஒரு பக்கம் அழுத்தம் கூடினால் மொத்தமும் பொடிப்பொடியாகிவிடலாம். அதற்குக் கண்ணாடி ஆளைத்தான் கூப்பிட வேண்டும்.