புதுப்பிப்பு: அப்பாவும் பதினேழு டார்ச் லைட்டும்

இரண்டு மாதம் முன் இங்கே புலம்பியிருந்தேன்: பார்க்கின்சன் என்ற நடுக்க நோய் உள்ள அப்பா, டீக்காசுக்கும் கணக்கு எழுதுகிற மனுஷன், ராத்திரி இரண்டு மணிக்கு ஆன்லைனில் டார்ச் லைட்டாக வாங்கிக் குவிக்கிறார் என்று. 'மாத்திரையைப் பாருங்கள்' என்று ஒருவர் சொன்னது சரிதான்.

நரம்பியல் டாக்டரின் விரல் சீட்டில் பிராமிபெக்ஸோல் மேல் நின்றது. டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள் மாதிரியே வேலை செய்யும் மருந்து. நடுக்கத்தைக் குறைக்கும், கூடவே, ஆசையைத் தூண்டும் மூளைப் பகுதியில் நிறைந்திருக்கும் டி3 ஏற்பிகளையும் (டோபமைன் வந்து ஒட்டும் இடங்கள்) உசுப்பிவிடும். சிலருக்குச் சூதாட்டம், சிலருக்குத் தீனி, அப்பாவுக்கு டார்ச்.

அளவைப் படிப்படியாகக் குறைத்து, மூளையில் டோபமைனாக மாறும் இன்னொரு மருந்தான லெவோடோபாவைக் கொஞ்சம் கூட்டினார். சட்டென்று நிறுத்தினால் பதற்றம், சோர்வு எல்லாம் வருமாம். (நான் அதைத்தான் செய்யச் சொன்னேன். நல்லவேளை, அப்பா கேட்கவில்லை.)

இது ஐந்தாவது வாரம். நேற்று பதினேழையும் கட்டில்மேல் அடுக்கிவைத்து, "ரெண்டு போதும்டா, மிச்சத்தைத் திருப்பி எடுத்துக்குவானா?" என்றார்.