லெஸ்பியன் ‘விசிபிலிட்டி’: புலப்பாடா, தெரிநிலையா?

மொழிபெயர்ப்பாளர், மதுரை:

அன்புடையீர், வணக்கம். பொதுவுடைமை ஆட்சி வீழ்ந்த நாடுகளில் பாலினச் சமத்துவமும் லெஸ்பியன் பெண்களின் ‘விசிபிலிட்டி’யும் என்னும் இயலை முதுகலைப் பாடத்தொகுப்புக்காகத் தமிழாக்குகிறேன். திங்களன்று அச்சுக்குப் போக வேண்டும். சோவியத் ஒன்றியம் 1934இல் ஆண்களின் தற்பாலுறவைக் குற்றமாக்கியபோது சட்டம் பெண்களைக் குறிப்பிடவே இல்லை. ஆயினும் அகப்பட்ட பெண்களுக்கு மனநல மருத்துவமனை காத்திருந்தது. 1936ஆம் ஆண்டு அரசமைப்பு உறுதியளித்த சம உரிமையோ, ஆலையிலும் அடுக்களையிலும் ஒருசேர உழைக்கும் மனைவியையே பெண்ணாகக் கண்டது. லெஸ்பியன் பெண்கள் கண்ணில் படாத இந்த இன்மைக்கு எதிர்நிலையாக, ‘விசிபிலிட்டி’ என்பதைப் ‘புலப்பாடு’ என எழுதியுள்ளேன். பொருந்துமா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்:

அம்மா, புலப்பாடு ஐம்புலன்களுக்கு எட்டுவதை மட்டுமே சொல்லும்; அந்த அளவில் கல்லும் புலப்படும். ‘தெரிநிலை’ என்க. தெரிநிலை வினை காலத்தை வெளிப்படையாகக் காட்டும். குறிப்பு வினை காட்டாது. ‘கரியன்’ என்பதில் காலம் இல்லாமலில்லை, மறைந்து நிற்கிறது. நீங்கள் சொல்லும் பெண்களின் நிலையும் அதுவே. பிறிதொன்று: சிலர் எழுதும் ‘தன்பாலீர்ப்பு’ பிழை, தற்பெருமை, தற்புகழ்ச்சி போலத் ‘தற்பாலீர்ப்பு’ என்றே புணரும். ‘லெஸ்பியன்’ என்பதையும் விட்டுவிடலாம்.

மென்பொருளாளர், பெர்லின்:

ஐயா, தெரிநிலை என்றதும் மாணவர்க்குப் பத்தாம் வகுப்புத் தேர்வுதான் நினைவுக்கு வரும். ‘லெஸ்பியன்’ இருக்கட்டும், அப்பெண்கள் தமக்கு இட்டுக்கொண்ட பெயர் அது. 1985இல், நாஜிகள் பெண்களை அடைத்துவைத்த ராவன்ஸ்புரூக் வதைமுகாமின் விடுதலை நினைவு நாளில் அஞ்சலி செலுத்தச் சென்ற, பொதுவுடைமை ஆட்சியிலிருந்த கிழக்கு பெர்லினின் லெஸ்பியன் குழுவினரைக் காவலர் தடுத்துவிட்டனர். அங்கு மாண்ட லெஸ்பியன் பெண்களுக்கான நினைவு உருண்டை 2022இல்தான் அமைந்தது. அரசின் கண்ணுக்கு அவர்கள் நன்றாகவே புலப்பட்டார்கள், அதனால்தான் தடுக்கப்பட்டார்கள். எனவே நமக்கு வேண்டியது தாமே முன்வந்து தெரிதலைக் குறிக்கும் சொல். ‘வெளித்தெரிவு’ என்று வைக்கலாம். மேலும், ஸ்லோவேனியாவின் தலைநகர் லியூப்லியானாவில் லெஸ்பியன் குழு 1987இலேயே தோன்றிவிட்டது. அப்போது யூகோஸ்லாவியாவில் பொதுவுடைமைக் கட்சியே ஆண்டது. ‘பொதுவுடைமை ஆட்சி வீழ்ந்த நாடுகளில்’ என்னும் தலைப்பிலேயே ஓர் அடிக்குறிப்பு தேவை.

விரிவுரையாளர், யாழ்ப்பாணம்:

தஞ்சாவூர் ஐயாவுக்கு அகத்திணையிலிருந்தே ஒரு மறுமொழி. தலைவியின் காதலை ஊரார் தூற்றுவது அலர். தோழி உரியவரிடம் எடுத்துரைப்பது அறத்தொடு நிற்றல். இரண்டிலும் காதல் வெளிப்படுகிறது, ஆனால் எடுத்துச் சொல்பவரின் நோக்கம் வேறு. சோவியத் மனநல மருத்துவமனைப் பதிவேட்டில் பெண்களின் பெயர் ஏறியது அலர் வகை. இந்த வேறுபாட்டை ஒற்றைச் சொல்லில் திணிக்க முயல்வது வீண், வாக்கியம் சொல்லட்டும். தாமே முன்வந்து தெரிந்தாலும் எல்லாம் கிட்டிவிடுவதில்லை. 2017இல் அனா பிர்னபிச் செர்பியாவின் பிரதமரானார். அப்பதவிக்கு வந்த முதல் பெண், தம்மை லெஸ்பியன் என மறைக்காதவர். அவர் பதவியிலிருந்த காலத்திலும் அந்நாட்டில் ஒருபால் இணையரின் உறவுக்குச் சட்ட ஏற்பு வரவில்லை. ஆகவே நல்லது கெட்டது எதையும் முன்கூட்டிச் சொல்லாத ‘புலப்பாடு’ போதும் என்பேன்.

தமிழாசிரியர், தஞ்சாவூர்:

அலரை எடுத்துக்காட்டியது அழகு. ஆனால் களவு வெளிப்பட்டபின் மணத்தல், வெளிப்படுமுன் மணத்தல் என ‘வெளிப்பட வரைதல் படாமை வரைதல்’ என்று தொல்காப்பியர் இருவகையாய்ப் பிரித்தாரே. அவருக்கு வாக்கியம் சொல்லட்டும் என்று விடத் தோன்றவில்லை. ‘வெளித்தெரிவு’ இலக்கணப்படி குற்றமற்றது. இருந்தும் ‘தேர்வு’ என்னும் பொருளில் வழங்கும் ‘தெரிவு’ குறுக்கிடும்.

மொழிபெயர்ப்பாளர், மதுரை:

அனைவருக்கும் நன்றி. தலைப்பில் ‘புலப்பாடு’, கிழக்கு பெர்லின் பகுதியில் மட்டும் ‘தம்மை வெளிப்படுத்திக்கொள்ளல்’. ‘லெஸ்பியன்’, ‘தற்பாலீர்ப்பு’ இரண்டும் இடம்பெறும். லியூப்லியானாவுக்கு அடிக்குறிப்பும் உண்டு.

தமிழாசிரியர், தஞ்சாவூர்:

அச்சுக்குப் போகட்டும், தடுக்கவில்லை. இரண்டாம் பதிப்பு வருமாயின் ‘தெரிநிலை’யை மீண்டும் முன்வைப்பேன்.